முதல் வரிசைப் பாய்

தேஹு ரோடு,
12.5.1996

அன்பு மருமகள் சந்திரிகாவுக்கு மாமா பரமசிவம் ஆசியோடு எழுதுவது. இங்கே நானும் உன் லீலா அத்தையும் சுகம். வேலூர் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்கள்?

என் ராணுவ டிப்போ வேலைக்குக் குறைவில்லை. நான் ஒருநாள் லீவு போட்டால் எல்லையில் துப்பாக்கி வெடிக்காது என்று ஒரு கர்னல் தோளைத் தட்டிச் சொன்னார். பிரிகேடியர் என்றுகூட வைத்துக்கொள். கோடவுன் இருட்டில் அவர் தோள்பட்டை நட்சத்திரத்தை எண்ண முடியவில்லை.

இப்போது முக்கியமான சங்கதி. ஸ்டேஷனுக்குப் பின்னால் அகஜோதி மன்றம் என்று ஒன்று வந்திருக்கிறது. நடத்துகிறவரை எல்லோரும் அப்பாஜி என்கிறோம். இந்த மராட்டிச் சீமையிலும் எல்லாம் நம் தமிழ் ஜனம். "வீட்டுச் சாமி போதாதாங்க நமக்கு?" என்றாள் உன் அத்தை. கையைப் பிடித்து இழுத்துப் போனேன். நான் உள்ளே நுழைந்ததும் அப்பாஜி பேச்சை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். என் முகத்தில் என்னமோ தெரிந்திருக்கிறது.

குழந்தைக்கு என் முத்தங்கள்.
மாமா

வேலூர்,
1.7.1996

அன்புள்ள மாமா,

நலம். உங்கள் கடிதத்தைப் படித்து இவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஒரே ஒரு குறை. நீங்கள் எழுதினால் ஓரத்தில் இடம் விடாமல் அத்தையும் நாலு வரி கிறுக்கியிருப்பாள். இந்தத் தடவை ஓரமெல்லாம் வெறுமையாக இருக்கிறது. அங்கே பக்கத்து வானவடியில் இருக்கும் அவள் தங்கை வேதநாயகி சித்தியும் போன் செய்தார், "அக்கா வீட்டுப் பக்கமே வர்றதில்ல, நான் போனாலும் கதவைத் திறந்து வெச்சு நின்னபடியே பேசி அனுப்பிடறா" என்று. அத்தைக்கு உடம்பு ஏதாவது?

சந்திரிகா

தேஹு ரோடு,
20.9.1996

மருமகளே,

உன் கடிதம் மன்றத்திலேயே வாசிக்கப்பட்டது. பயப்படாதே, எங்களுக்குள் ஒளிவுமறைவு கிடையாது. வருகிற கடிதம், போகிற கடிதம் எல்லாம் மன்றத்துக் காரியதரிசி கிட்டு அண்ணன் பார்வைக்குப் போகும். இதையும் அவர் படித்த பிறகுதான் ஒட்டுவேன். மன்றத்தில் சேராத உறவு, காலில் கட்டிய கல்லாம். அதனால்தான் வேதநாயகியைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறோம். ரேடியோவையும் கொடுத்துவிட்டோம். வாரம் ஆறு மாலை மன்றம், உறங்க மட்டும் வீடு.

ஞாயிறு தோறும் மனந்திறப்பு. ஒவ்வொருவரும் எழுந்து தன் பாவத்தைச் சொல்ல வேண்டும், கிட்டு அண்ணன் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவார். யார் பாவம் பெரிதோ அவருக்குத்தான் அருளும் பெரிது. அவருக்கு அப்பாஜி எதிரில் முதல் வரிசைப் பாய். ஒருவன் பல்லியை அடித்தேன் என்கிறான். ஒருவன் பக்கத்து வீட்டுப் பாலைக் குடித்தேன் என்கிறான். இதற்கா நான் கடைசி வரிசையில் உட்காருவது? எழுந்தேன். 1979 மழைக்காலத்தில் என் அக்காவை, உன் அம்மாவைப் பார்க்க வேலூர் போகிறேன் என்று இரண்டு மாதம் லீவு போட்டேனே, அதில் பத்து நாள்தான் வேலூர், மிச்சமெல்லாம் இங்கே பக்கத்து ஊர் கிர்க்கியில் ஒரு பெண்ணோடு குடித்தனம் என்று எடுத்துவிட்டேன். அவள் சேலை நிறம், வாசலில் அவள் வளர்த்த கிளி, ஒன்றையும் விடவில்லை. கூட்டம் மூச்சுவிடவில்லை. அப்பாஜியே கண் கலங்கினார். அன்று முதல் பாய் எனக்குத்தான்.

உன் அத்தை அதிலிருந்து பேச்சைக் குறைத்திருக்கிறாள். மௌனப் பக்குவம் வந்துவிட்டது என்கிறார் அப்பாஜி.

மாமா

வேலூர்,
15.10.1996

மாமா,

இதை உங்கள் டிப்போ விலாசத்துக்கு அனுப்புகிறேன். கிட்டு அண்ணனிடம் காட்ட வேண்டாம்.

1979-இல் எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா கடைசிப் படுக்கையில் கிடந்த அந்த இரண்டு மாதமும் நீங்கள் எங்கள் வீட்டில்தான் இருந்தீர்கள். மலச்சட்டி எடுத்தீர்கள், எனக்குத் தலை பின்னத் தெரியாமல் பின்னிவிட்டீர்கள். உங்கள் வாழ்க்கையிலேயே நல்ல இரண்டு மாதத்தை எடுத்து, அதன் மேல் போய்ச் சேற்றைப் பூசிக் கையெழுத்தும் போட்டிருக்கிறீர்களே.

அதே மாதங்களில்தான் அத்தைக்கு ஐந்து மாதக் கரு கலைந்தது. தேஹு ரோட்டில் தனியாகக் கிடந்தாள். "அவரு அக்காவுக்காகத்தானே போனாரு" என்று ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. இன்று அவள் மனதில் என்ன ஓடும்?

சாமி கும்பிடுவதை நான் தடுக்கவில்லை. ஆனால் கடிதத்தைப் பிரிப்பது, தங்கையை வாசலோடு அனுப்புவது, அவமானத்தை எழுதி வாங்கி வைத்துக்கொள்வது, இதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒன்று செய்யுங்கள். குழந்தைக்குக் காது குத்துக்கு அத்தையோடு ஒரு வாரம் வேலூர் போய் வருகிறேன் என்று அங்கே சொல்லிப் பாருங்கள். சந்தோஷமாகப் போய்வா என்றால் நான் சொன்னது தப்பு, மன்னித்துவிடுங்கள்.

சந்திரிகா

டிப்போ,
8.12.1996

சந்திரிகா,

சொல்லிப் பார்த்தேன்.

அப்பாஜி சிரித்தபடியே இருந்தார். கிட்டு அண்ணன்தான் நோட்டை எடுத்து என் பக்கத்தைத் திருப்பி வைத்தார். "வேலூர்னு சொல்லிட்டு எங்க போவீங்கன்னு எங்களுக்குத் தெரியாதா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். பிறகு, அது முழுக்கப் பொய், பாய்க்காகச் சொன்னது என்றேன். சிரிப்பு நின்றது. மறுநாளிலிருந்து ஒருவரும் என்னோடு பேசவில்லை. பதினைந்து வருஷமாக டிப்போவில் ஒரே டப்பாவில் சாப்பிட்ட மன்றத்துக்காரன்கூட எழுந்து வேறு பெஞ்சுக்குப் போகிறான்.

இனி மன்றத்துக்கு நான் வருவதில்லை என்று சொல்லிவிட்டேன். லீலா என்னோடு வெளியே வரமாட்டேன் என்றாள். மன்றத்தில் பெண்கள் தங்கும் அறைக்குத் துணிமணியோடு போய்விட்டாள். வழியில் நின்று கெஞ்சினேன். "லீலா, கிர்க்கியும் இல்ல, கிளியும் இல்ல, எல்லாம் நானா கட்டினது" என்றேன். அவள் கத்தவில்லை. "முப்பது வருசமா நீங்க சொல்றதுல பாதியத் தள்ளிட்டுத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். இதுல எந்தப் பாதியத் தள்ளறதுன்னு எனக்குத் தெரியல. எங்கொழந்த போன அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அவளை அங்கே இழுத்துப் போனவன் நான். நீ பார்த்ததை அவளுக்கு எழுது, அம்மா. என் வார்த்தைக்கு மதிப்பில்லை.

பரமசிவம்

தேஹு ரோடு,
3.3.1997

அன்புள்ள சந்திரிகா,

நீ அத்தைக்கு எழுதியது மன்றத்தில் வாசிக்கப்பட்டதாம். "மாமன் சொல்லிக் கொடுத்து மருமகள் எழுதியது" என்று அப்பாஜி தீர்ப்புச் சொல்லிவிட்டாராம். கடிதத்தை லீலா கையில் கொடுக்கவில்லை. இதை வேதநாயகி சொன்னாள். அவள் எப்படியோ ஒருநாள் அக்காவைப் பார்த்துவிட்டாள். போலீசுக்கும் போனேன். வயது வந்த பெண், அவள் இஷ்டம் என்றார்கள். அவர்கள் சொன்னது அவ்வளவுதான். நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மன்றத்துக் கேட்டுக்கு வெளியே போய் நிற்கிறேன். உள்ளே விடுவதில்லை. போகிறவர்கள் தலையைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஐந்து ஞாயிறு ஆயிற்று. நேற்றைக்கு லீலா கம்பிக்கு அந்தப் பக்கம் வந்தாள். இளைத்திருக்கிறாள். கிட்டு அண்ணன் பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

டிப்போவில் விருந்து என்று ஒரு பொய் வாய்வரை வந்தது.

"ஒண்ணும் இல்ல. நேத்துச் சோறு ஊசிப்போச்சு" என்றேன்.

"டிப்போவுல உங்ககூட யாராச்சும் பேசறாங்களா?"

"இல்ல."

"நான் இல்லாம எப்படி இருக்கு?"

கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கிட்டு அண்ணன் காதில் விழும்படியே கேட்டாள்.

"அந்த ரெண்டு மாசத்துல உங்க அக்கா கடைசியா என்ன கேட்டாங்க?"

"கஞ்சில உப்புப் பத்தலைன்னாங்க. போட்டேன். குடிக்கல."

உள்ளே மணி அடித்தார்கள். கிட்டு அண்ணன் அவளைக் கூப்பிட்டார். அவள் உடனே போகவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். அப்போதும் போகவில்லை. மூன்றாவது தடவைக்குத்தான் திரும்பினாள்.

நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். அடுத்த ஞாயிறும் போவேன்.

பரமசிவம்