செந்திலின் சாப்பாட்டு பில்கள்

10 பிப்., செவ்வாய். மீன்சுருட்டி

விடியலில் நல்ல பனி. திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து பெட்டியோடு வண்டியில். அரியலூர் தாண்டும்வரை முன்னால் சிமெண்ட் லாரிகள். கொடி போர்த்திய பெட்டி என்று தெரிந்ததும் ஒவ்வொன்றாக ஒதுங்கி வழி விட்டன.

ராணுவத்தில் நாயக், செந்தில். முப்பத்து நான்கு வயது. யூனிட் வேலையாக வேறொரு முகாமுக்குப் போகும் வழியில், பஸ்ஸில் உட்கார்ந்தபடியே மாரடைப்பு. கூட வர என்னை அனுப்பினார்கள். நான் அதே யூனிட்டில் கிளார்க், ஹவில்தார். சொந்த ஊர் குரும்பலூர், தமிழ் பேசுவேன். வேறு காரணம் இல்லை.

நான்கு மணிக்கு எல்லாம் முடிந்தது. கொடியை மடித்து அவர் மனைவி கவிதாவின் கையில் கொடுத்தேன். அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"அன்னிக்கு அவரு சாப்புட்டாருங்களா?"

தெரியாது என்றேன். உண்மைதான். ஆனால் அவருடைய உடைமைகள் இருந்த கவர் என் பையில்தான் இருந்தது. இன்னும் பிரிக்கவில்லை.

11 பிப்., புதன். குரும்பலூர்

காலையில் அங்கே காடாத்து, சுடுகாட்டில் பால் தெளித்தார்கள். பிறகு ஜெயங்கொண்டம், அரியலூர், பெரம்பலூர், மூன்று பஸ். மதியச் சாப்பாடு வீட்டில். என் மனைவி செல்வி ரசம் வைத்திருந்தாள். பாதிதான் இறங்கியது.

கவரைப் பிரித்துப் பட்டியல் போட்டேன். பர்ஸ். வாட்ச். மகள் போட்டோ. பேனா. பாதி நிரப்பிய சாப்பாட்டுப்படி படிவம். ரப்பர் பேண்ட் போட்ட பில்கள், பதினொன்று.

அரசு வேலையாக வெளியூர் போனால் நாளுக்கு இவ்வளவு என்று சாப்பாட்டுப்படி உண்டு. முகாமில் இலவசமாகச் சாப்பிட்ட வேளைக்குக் கிடையாது. வெளியே சாப்பிட்டால் எங்கே, எப்போது என்று எழுதிக் கொடுத்தால் போதும். பில்லும் வேண்டும் என்பது என் ஏற்பாடு. ஏமாற்ற மாட்டார்கள் என்று தெரிந்தும் கேட்டேன். கறாரான கிளார்க் என்று பெயர்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் செந்திலின் படிவத்தைத் திருப்பி அனுப்பினேன். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "ரோட்டோரக் கடையில ஏதுண்ணே பில்லு?" என்றார். "அப்ப படியும் இல்ல," என்றேன். படிவத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு துண்டு விடாமல் சேர்த்திருக்கிறார். டீக்கடையில் பிஸ்கட் அட்டையைக் கிழித்து எழுதி வாங்கியதுகூட இருக்கிறது.

செல்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்த்தாள். "இது அந்தப் பொண்ணு பாக்க வேண்டியதுங்க."

"ஆபீஸுக்கு ஒரிஜினல் வேணும்."

"ஆபீஸ் இத வச்சு என்ன பண்ணும்?"

பில்களுக்கு மறுபடி ரப்பர் பேண்ட் போட்டேன்.

12 பிப்., வியாழன். அரியலூர், மீன்சுருட்டி

வெயில். அரியலூரில் பென்ஷன் பாரம் வாங்கி, ஜெராக்ஸ் எடுத்து, மதியம் மீன்சுருட்டி. கவிதா ஆறு இடத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் அண்ணன் சாட்சி.

பிறகு பில்களைக் கொடுத்தேன். எல்லாம் ஹிந்தி. "படிச்சுச் சொல்லுங்க," என்றார். ஒவ்வொன்றாகப் படித்தேன். கடைசி பில், அவர் இறந்த அன்று மதியம் ஒன்றரை மணி. மூன்று ரொட்டி, பருப்பு, ஒரு கப் தயிர்.

"தயிரா?"

"ஆமாம்மா."

"இங்க தயிரே தொட மாட்டாரு." அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். "தயிரு சாப்புட்டிருக்காரு பாருண்ணே." அப்போதுதான் அழுதார். வெகுநேரம். நாங்கள் இருவரும் தரையைப் பார்த்தபடி இருந்தோம்.

அடங்கியதும் சொன்னேன். "பில்லு இல்லன்னு ஒரு தடவ அவரத் திருப்பி அனுப்புனது நான்தாம்மா."

"தெரியுங்க. போன்ல சொன்னாரு. அன்னிக்கு ரொம்பக் கோவமா இருந்தாரு."

அவ்வளவுதான். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்வார் என்று நான் எதிர்பார்த்திருக்கிறேன் போல. வெட்கம்.

"இத நீங்க எடுத்துட்டுப் போவணுமா?"

"வேணாம். உங்ககிட்டயே இருக்கட்டும். படி உங்க கணக்குக்கு வந்துரும், நான் பாத்துக்குறேன்."

படிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். நாள்வாரியாக எழுதியிருக்கிறார். கையெழுத்து இடம் காலி. அதற்கு அதிகாரி சான்று வாங்க வேண்டும்.

வெளியே வந்த பிறகுதான் ஞாபகம், பில்களை ஒரு போட்டோகூட எடுக்கவில்லை.

13 பிப்., வெள்ளி. அரியலூர் ஸ்டேஷன்

ரயில் தாமதம். பிளாட்பாரத்தில் இட்லி. யூனிட்டிலிருந்து சுபேதார் போன், ஹிந்தியில்.

"செந்தில் கிளெய்ம் தயாரா? பில் எல்லாம் இருக்கிறதா?"

"பில் அவர் வீட்டில் இருக்கிறது சார். படிவம் மட்டும்தான்."

"பில் இல்லாமல் எப்படி?"

"விதியில் பில் இல்லை சார். எழுதிக் கொடுத்தாலே போதும்."

"இத்தனை வருஷம் எல்லோரிடமும் கேட்டீர்களே?"

"கேட்டேன் சார்."

"எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினீர்கள்?"

எண்ணிக்கை தெரியவில்லை. கோப்பு இருக்கிறது, பார்த்துச் சொல்கிறேன் என்றேன். வைத்துவிட்டார். ஞாபகம் வருகிற பெயர்களை இந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒன்பது.