மாமாவை உள்ளே கூப்பிட வாங்கிய துணி

ஆயிரம் சண்டை போட்டாலும் என் தட்டில்தான் முதலில் சோறு போட்ட என் மாமிக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உங்கள் காம்பராவை, நம் ஒரே அறையை, நான் மாற்றிவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, யாரைக் கேட்டுச் சுவரில் ஆணி அடித்தாய் என்று கேட்டிருப்பீர்கள். ஆணி அடித்தது உண்மைதான். ஒன்றல்ல, நான்கு. அதற்காக நான் வருத்தப்படப் போவதுமில்லை. நடந்ததை முழுக்கக் கேளுங்கள், அப்புறம் திட்டுங்கள்.

நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. கருமாதிக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பி, உங்கள் மகனும் கட்டிய என்னை இங்கே விட்டுவிட்டுக் கொழும்புக்குப் பேக்கரி வேலைக்குத் திரும்பிய அன்றே, மாமா தன் பாயையும் தலகாணியையும் சுருட்டிக்கொண்டு இஸ்தோப்புக்குப் போய்விட்டார். முன்பக்கம் சுவரே இல்லாத அந்த வாசல் தாழ்வாரத்தில், பெஞ்சில்தான் அன்றிலிருந்து படுக்கை. பனி பெய்தாலும் அங்கேதான். "புள்ள, உள்ள தாப்பா போட்டுக்க" என்று தினமும் எனக்கு மட்டும் சொல்லுவார். நானும் போட்டுக்கொண்டு படுத்துவிடுவேன்.

பொண்டாட்டி போன சோகம், உள்ளே வந்தால் அவள் ஞாபகம் வரும், அதனால்தான் வரமாட்டேன் என்கிறார் என்று அடுத்த வீட்டு லெட்சுமி அக்கா சொன்னார். இந்த லயத்து வரிசை வீடு முழுக்க அதையே சொன்னது. உங்கள் மகனும் போனில், அப்பாவை அவர் போக்கில் விடு என்றார். நான் எத்தனை முறை கெஞ்சினேன் தெரியுமா? எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான், "எனக்கு இங்கதான் காத்து வருது."

காற்று வந்தது சரி, கூடவே இருமலும் வந்தது. புரட்டாசியில் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தார். டிஸ்பென்சரி டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மழை தொடங்குவதற்குள் இவரை வீட்டுக்குள் படுக்கவையுங்கள், இன்னொரு தடவை நெஞ்சில் சளி கட்டினால் இந்த உடம்பு தாங்காது என்று சொன்னார். அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது ஒன்றையேதான் யோசித்தேன். உங்களைப் பறிகொடுத்த அதே வருஷத்தில் அவரையும் விடுவதா? விடமாட்டேன் என்று அப்போதே முடிவு செய்தேன்.

என் கணக்கு இதுதான். காம்பராவைப் பார்த்தால் உங்கள் ஞாபகம் வருகிறது என்றால், காம்பராவையே வேறாக்கிவிட வேண்டும். சுவரெல்லாம் குசினி அடுப்புப் புகையில் கறுத்துக் கிடக்கிறது. சன்னலில் உங்கள் பழைய பாவாடைதான் திரை. பெயின்ட் அடிக்க வசதி இல்லை, புதுக் கட்டில் வாங்க வழி இல்லை. ஆனால் துணி வாங்கலாம். துணியால் மறைக்க முடியாத சுவர் உலகத்தில் உண்டா? எனக்குத் தைக்கவும் தெரியும், லெட்சுமி அக்காவிடம் மெசினும் இருக்கிறது.

கொழுந்து எடுக்கப் போகாமல் ஒருநாள் பெயரை, அந்த நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு, ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் பதுளைக்குப் போனேன். டவுனில் வெட்டுத்துணியை நிறுத்து விற்கிற, உங்களுக்குப் பழக்கமான முஸ்லிம் நானாவின் கடைக்குத்தான். உங்களைத்தான் முதலில் விசாரித்தார். சொன்னேன். நல்ல மனுஷி என்று சொல்லிக்கொண்டே தராசுத் தட்டைத் துடைத்தார். பிறகு மூட்டையை என் முன்னால் கவிழ்த்து, வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளச் சொன்னார்.

கலர்த்துணியெல்லாம் சன்னல் அளவுக்கு மேல் தேறாத துண்டுகள். வெள்ளை மட்டும் நீளநீளமாக, கனமாக இருந்தது. ஏதோ ஓட்டலுக்குப் பெட்ஷீட் தைத்ததில் மிஞ்சியதாம். வெள்ளையை யாரும் எடுக்கமாட்டார்கள் தங்கச்சி, அழுக்குத் தெரியும், விலை குறைத்துத் தருகிறேன் என்றார் நானா. எனக்கு வாயெல்லாம் பல். சுவருக்கு வெள்ளை, சன்னலுக்குப் பெரிய சிவப்புப் பூப்போட்ட சீத்தைத்துணி. நிறுத்து முடித்த பிறகு, இன்னும் ஒரு துண்டுச் சீத்தையை மடித்து மேலே வைத்தார். அது உங்களுக்காக என்று எனக்குப் புரிந்தது.

இனிமேல்தான் நான் செய்த கூத்து. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைத் துணியைச் சுவருக்கு அளந்து பட்டை பட்டையாகக் கிழித்தேன். கஞ்சி போக அலசினேன். காயப்போட இடம் வேண்டுமே? நம் இஸ்தோப்புத் தூணிலிருந்து ரோட்டோரக் கொய்யா மரம் வரைக்கும் கயிறு கட்டி, பட்டைகளை வரிசையாகத் தொங்கவிட்டேன். மாமா வழக்கம்போல பெஞ்சில் படுத்திருந்தார். ஈ மொய்க்கிறதென்று போர்வையைத் தலையோடு இழுத்து மூடியிருந்தார். நான் மிச்சத் துணியை அலசவும் தண்ணீர் பிடிக்கவும் மலைத்தண்ணீர் கொட்டுகிற பீலிக்குப் போனேன்.

உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை, மாமி. வீட்டு வாசலிலிருந்து ரோடு வரைக்கும் வரிசையாக வெள்ளைத் துணி. பெஞ்சில் தலையோடு மூடிய கிழவர். எதிர் மலையிலிருந்து பார்த்தால் என்ன நினைப்பார்கள்? நம் ஊரில் எந்த வீட்டுக்கு அப்படி வெள்ளை கட்டுவார்கள்? இழவு வீட்டுக்குத்தானே!

வாளியோடு திரும்பி வருகிறேன், வாசலில் இருபது பேர். தோட்டத் தலைவர் தோளில் துண்டோடு தலையைக் குனிந்து நிற்கிறார். கீழ் லயத்து ராக்கம்மா சீனியும் தேயிலையும் பையில் கொண்டுவந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் இரண்டு பேர் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். எனக்கு உயிரே இல்லை. தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் மாமா போய்விட்டாரா? வாளியைக் கீழே போட்டேன்.

அந்தச் சத்தத்தில் மாமா எழுந்து உட்கார்ந்தார்.

கூட்டம் இரண்டடி பின்னால் போனது. மாமா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார், தொங்குகிற வெள்ளையைப் பார்த்தார், முகம் வாடிவிட்டது. "யாருப்பா போயிட்டாங்க?" என்று கேட்டுக்கொண்டே, இழவு வீட்டுக்குக் கிளம்பச் சட்டையைத் தேடினார். ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். கடைசியில் தலைவர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார், "நீங்கதாண்ணே."

மாமா சிரித்தார். ஏழு மாதத்தில் முதல் தடவை. சிரித்துச் சிரித்து இருமல் வந்து, இருமல் நின்றதும் மறுபடி சிரித்தார். வந்தவர்களும் சிரித்தார்கள். ராக்கம்மா கொண்டுவந்த சீனியில்தான் அவ்வளவு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றினேன். வெள்ளையை ரோட்டுப் பக்கமாகக் கட்டுகிற ஒரே மருமகள் நீதான் என்று ஆளாளுக்கு என்னைத் திட்டிவிட்டுத்தான் போனார்கள். இன்னும் ஒரு வருஷத்துக்கு மலையில் இதுதான் பேச்சு, தெரியும். பேசட்டும்.

எல்லோரும் போன பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. கயிற்றிலிருந்து துணியை உருவினேன். அப்போதுதான் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடித்தது. நான் மாமாவை எதிர்த்து ஒருநாளும் பேசியதில்லை, உங்களிடம்தான் பேசுவேன். அன்று பேசினேன்.

"இன்னைக்கு வந்தவங்க சும்மா திரும்பிப் போயிட்டாங்க மாமா. மழையில நீங்க இங்கயே கெடந்தா அடுத்த தடவ அப்படிப் போகமாட்டாங்க. உள்ள வந்து படுக்க அப்படி என்னதான் ஒங்களுக்கு?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. துணியின் ஓரத்தில் பிரிந்த நூலைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஒங்க மாமி நடுவுல படுத்திருந்தா. இப்ப நடுவுல யாரு இருக்கா? அவனும் இங்க இல்ல. நீ சின்னப் பொண்ணு. ஒத்தக் காம்பரா. மாமனார் ஒருத்தன் கெடந்தா நீ எப்படிம்மா காலு நீட்டித் தூங்குவ?"

மாமி, சோகம் சோகம் என்று ஊரே சொன்னதே, நானும் நம்பினேனே! உங்கள் மகன் லீவில் வந்தால் நீங்களும் மாமாவும் ஒன்றும் சொல்லாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு இஸ்தோப்புக்குப் போவீர்கள். அவர் போனதும் உள்ளே வந்து, சுவரோரம் மாமாவும், குசினிப் பக்கம் நானும், நடுவில் நீங்களுமாகப் படுப்போம். மூன்று வருஷம் அப்படித்தான். நடுவில் இருந்தவர் போய்விட்டால் என்ன ஆகும் என்று, இவ்வளவு வாய் பேசுகிற எனக்குத் தோன்றவே இல்லையே? அந்த மனுஷன் எனக்காகப் பனியில் கிடந்தார். நான் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்கினேன். வெட்கமாக இருந்தது. அதற்கு மேல் அவர்மேல் அப்படி ஒரு பாசம் வந்தது, அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்ததும் எழுந்து அளவு நாடாவை எடுத்தேன். அழகுபடுத்துகிற வேலை இனி இல்லை, காம்பரா நடுவில் துணியால் சுவர் எழுப்புகிற வேலை.

வெள்ளையை வெள்ளையாக விட எனக்கு மனமில்லை. மாதாமாதம் தோட்டத்தில் தருகிற தேயிலைத் தூளில் பாதியை அண்டாவில் கொட்டிக் கொதிக்கவைத்து, ஒரு பிடி உப்புப் போட்டு, துணியை ஒரு பகல் முழுக்க ஊறவைத்தேன். நல்ல தேத்தண்ணி நிறம் பிடித்தது. இனிப் புகை படிந்தாலும் தெரியாது. ஆனால் விளக்கைப் போட்டால் நிழல் தெரிந்தது. இரண்டு மடிப்பாக வைத்துப் பார்த்தேன், அப்போதும் தெரிந்தது. நடுவில் கனமாக ஏதாவது வேண்டும்.

இப்போது சொல்லப்போவதைக் கோபப்படாமல் கேளுங்கள். உங்கள் கம்பளியை எடுத்தேன். மழையிலும் பனியிலும் தலையில் போட்டுக்கொண்டு நீங்கள் மலைக்குப் போன அதே கம்பளி, பெட்டியில் மடித்து வைத்திருந்தேனே, அதைத்தான். உங்கள் படத்துக்கு முன்னால் நின்று கேட்டேன், நீங்கள் வழக்கம்போல முறைத்தீர்கள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அகலம் போதாமல் நடுவில் வெட்டி நீளவாக்கில் ஒட்டுப்போட்டேன். இரண்டு துணிக்கும் நடுவில் வைத்து, சாண் அளவுக் கட்டங்களாகத் தைத்தேன். லெட்சுமி அக்காவின் மெசினில் இரண்டு ஊசி உடைந்தது, புது ஊசி வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

மாட்டும்போது மாமாவே மேற்பார்வை. தரையில் விரல் நுழைகிற இடைவெளி கூட இருக்கக்கூடாது என்று பிடிவாதம், இரண்டு தடவை பிரித்துத் தைக்கவைத்தார். வாசற்படியின் நடுவுக்கு நேராகக் கம்பியை இழுத்துக் கட்டினோம். நுழைந்ததும் இடப்பக்கம் அவருக்கு, வலப்பக்கம் எனக்கு. ஒருவர் இடத்துக்குள் மற்றவர் கால் வைக்கத் தேவையில்லை. சிவப்புப் பூச்சீத்தையை என் சன்னலுக்கென்று ஆசையாக எடுத்து வைத்திருந்தேன், அதைத் தன் தலகாணிக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். இந்த வயதில் பூப்போட்ட தலகாணி! என் சன்னலுக்கு நானா கொடுத்த துண்டுதான் மிஞ்சியது. அளவெடுத்தது போல இருக்கிறது.

முந்தாநாள் சாயங்காலம் மழை பிடித்தது. இஸ்தோப்புப் பெஞ்ச் ஐந்து நிமிடத்தில் நனைந்துவிட்டது. நான் குசினியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன், திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் வெட்கப்பட்டு நின்றுவிடுவாரோ என்று பயம். வாசலில் ஒரு செருமல் கேட்டது. பிறகு இடப்பக்கம் பாயை உதறி விரிக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "ரொட்டிக்குச் சம்பல் இருக்கா புள்ள?" என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். இருக்கு மாமா என்றேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

மழை இன்னும் விடவில்லை. இருமல் பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது. பதிலுக்குக் குறட்டை கூடியிருக்கிறது, இத்தனை வருஷம் அதை எப்படித்தான் பொறுத்தீர்களோ. உங்கள் மகனுக்கு எல்லாவற்றையும் போனில் சொன்னேன். அடுத்த மாதம் வரும்போது இஸ்தோப்புக்குப் பலகை அடித்து மூடுகிறேன் என்றார். மூடட்டும். அப்போதும் இந்தத் திரை இருக்கும்.

மாமி, உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். மாமா இன்னும் நிறைய நாள் இருப்பார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். என்றைக்காவது ஒருநாள் அவரும் உங்களிடம் வந்துதான் ஆக வேண்டும். வரும்போது கேட்டுப் பாருங்கள். வெளியே கிடந்து வரவில்லை, என் வீட்டுக்குள்ளிருந்துதான் வருகிறேன் என்று சொல்லுவார்.

உங்கள் இடத்தில் திரையை மாட்டியவள்,
உங்கள் ஒரே மருமகள்
மலர்