ஒற்றை ஆளுக்கு நிற்காத பஸ்

என் வீட்டுக்காரருக்கு, கலைவாணி வணக்கத்துடன் எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? முதுகுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? போன் செய்தால் தறிச் சத்தத்தோடு "ம்" மட்டும்தான் வருகிறது. அதனால்தான் கடிதம்.

இந்தச் சென்னைக் கோடியில் ஒற்றை ஆளுக்கு மினி பஸ் நிற்காது, ஷேர் ஆட்டோ கிளம்பாது. இரண்டு நாள் கம்பெனிக்குத் தாமதமாகப் போனேன். மூன்றாம் நாளும் போனால் மெமோ. நம் தெருவில் தறிக்குப் பாவு நூலை நீட்டிக் கட்டினால் கேட்காமலே நாலு பேர் வந்து பிடிப்பார்களே, அந்த நினைப்பில் டீக்கடையில் இருந்தவர்களைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, ரெண்டு நிமிஷம் என்கூட நில்லுங்க. கூட்டம்னு நெனச்சி பஸ்ஸ நிறுத்துவாங்க."

டீ மாஸ்டர், பூக்காரம்மா, சவாரி கிடைக்காத ஷேர் ஆட்டோக்காரர் எல்லாரும் வந்து நின்றார்கள். பஸ் நின்றது. நான் மட்டும் ஏறினேன்.

கண்டக்டர் முறைத்தார். "என்னாமா இது, மத்தவங்க ஏறலியா?"

"நாங்க வழியனுப்ப வந்தோம்பா" என்றார் பூக்காரம்மா. ஆட்டோக்காரர் கைகூட ஆட்டினார். பஸ்ஸே சிரித்தது.

மறுநாள் முதல் நான் தனியாக நின்றாலும் பஸ் நிற்கிறது. ஆனால் கண்டக்டர் தினமும் கேட்கிறார்: "இன்னிக்கி வழியனுப்ப யாரும் வரலியாமா?" நான் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

பஸ் வரும் நேரம், முடிக்கிறேன். அமாவாசைக்குத் தறி லீவுதானே? என் நீலக் குடையையும் கொஞ்சம் பருப்புப் பொடியையும் எடுத்துக்கொண்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து வாருங்கள். ஏழேகாலுக்கு ஸ்டாப்பில் என்னோடு நின்றால் போதும், ஒன்றும் பேச வேண்டாம். கண்டக்டர் கேட்டால் மட்டும் "ம்" சொல்லுங்கள்.

கலைவாணி