ஏசிக்குக் கட்டுப் போட்ட கதை

ராஜபாளையம்,
மே 20, செவ்வாய்.

அன்பு மகள் பியூலாவுக்கு, உன்னைப் பெறாமல் வளர்த்த சித்தப்பா பொன்னுராஜ் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் சித்தி தங்கபாயும் உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நீயும் மாப்பிள்ளை ஆல்வினும் அந்த நார்வே பனியில் விறைத்துப் போகாமல் இருக்க தினமும் ஜெபிக்கிறோம். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். உன் சித்தி ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், நம்ம வீட்டுச் சங்கதி புது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும், இது அப்படிக் கேட்கக்கூடிய சங்கதி இல்லை தாயீ. அதனால்தான் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன்.

முப்பது வருசம் தறி ஓட்டி உலகத்துக் காயத்துக்கெல்லாம் பேண்டேஜ் துணி அனுப்பிய மகாராஜா, இன்றைக்கு அதே துணியில் தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டோடு கட்டிலில் கிடக்கிறேன். இன்னும் நாலு வாரம் இறங்கக்கூடாதாம். நீ ஏசி வாங்கி மாட்டிவிட்டாயே, குளிர் ஒரு சொட்டு வெளியே போய்விடக்கூடாதென்று ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு எல்லாவற்றிலும் துணியைத் திணிக்கச் சொன்னது நான்தான். இப்போது எறும்பு உள்ளே வரணும் என்றாலும் மனுக் கொடுக்கணும். அப்படிப்பட்ட கோட்டைக்குள் ஏசி குளிராமல் போனால் என் கதி என்ன ஆகும் யோசித்துப் பார். பிளவக்கல் அணையைத் திறந்துவிட்ட மாதிரி வேர்வை, மாவுக்கட்டுக்குள்ளே ஊறல், சொறிய வழியில்லை, ஓட வழியில்லை, பல்லி கூட என்னைப் பரிதாபமாய்ப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர் கடையிலிருந்து சுயம்புலிங்கம் என்கிற மெக்கானிக் ரெண்டு தடவை வந்தான். ரிமோட் சரியா இருக்கா பார்த்தான், ஃபில்டரைக் கழுவினான், ஸ்டெபிலைசரைப் பார்த்தான், மாடிக்குப் போய் அந்த வெளிப்பெட்டியில் கேஸ் அளந்தான். அவன் இருக்கும்வரை அறை காஷ்மீர். அவன் போய் அரை மணி நேரத்தில் பழையபடி செங்கல் சூளை. நான் உன்னிடம் என்ன சொன்னேன், கள்ளப்பயல், அவன் நிற்கும்போது மட்டும் ஓடுகிற மாதிரி ஏதோ சூட்சுமம் பண்ணிவைத்திருக்கான், திரும்பத் திரும்ப நம்மைக் கூப்பிடவைக்கத்தான் என்று சொன்னேன். நீயும் சித்தப்பா சொன்னால் வேதவாக்கு என்று கம்பெனிக்கு நீளமாய் எழுதிப் போட்டாய்.

நேற்று மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் சுயம்புலிங்கம் வந்து நின்றான். ரிப்பேருக்கு இல்லை, அந்தப் புகார் விஷயமாய்ப் பேசணும் என்றான். நான் ராஜதர்பார் மாதிரி சாய்ந்து படுத்துக்கொண்டு பேசுலே என்றேன். அவன் வாயைத் திறக்கிறதுக்குள்ளே மேலே ஏதோ முனகுகிற சத்தம், அவன் காதை நிமிர்த்தி, செத்த நேரம் இருங்கய்யா என்று மாடிக்கு ஓடினான். திரும்பி வரும்போது கையில் ஒரு மூட்டை பேண்டேஜ் துணி. அய்யா, வெளிப்பெட்டி மூச்சுவிட முடியாம நாலு சுத்து கட்டியிருக்கே, சூட்டை எங்கிட்டுத் தள்ளும், யார் கட்டினது என்று கேட்டான்.

யார் கட்டினது. பக்கத்துத் தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசி உள்ளே போய்விடுமே என்று முதல் நாளே உன் சித்தியைக் கட்டச் சொன்னவன் உன் சித்தப்பன்தான். அப்படியென்றால் நீ வந்தப்போ எப்படிக் குளிர்ந்தது என்று அவனையே மடக்கினேன். உன் சித்தி முந்தானையைத் திருகிக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் போன் பண்ணிட்டுத்தானே வருவாக, காக்கா எச்சம் விழுந்த துணியை வெளி ஆளு பார்த்தா கேவலம்னு அவுத்துத் துவைச்சுப் போடுவேன், அவுக போன பொறவு பழையபடி கட்டிருவேன், இவுகதானே கட்டச் சொன்னாக என்றாள். எனக்கு ஓடி ஒளியணும் போல இருந்தது, கால் இருந்தால்தானே. பத்து நிமிசத்தில் அறை ஜில்லென்று ஆகிவிட்டது, அந்தக் குளிரில் அவன் முகத்துக்கு எதிரே அசையாமல் கிடந்தேன். அவன் ஒரு சொல் திட்டவில்லை. வெள்ளிக்கிழமை மதுரைக்கு விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காக, மேடம் புகாரை வாபஸ் வாங்கலேன்னா என்னை வேலையை விட்டு எடுத்துருவாக, வீட்ல மாசமா இருக்கா என்று மட்டும் சொன்னான். அப்போதாவது என் வாயில் மன்னிப்பு வந்ததா, வரவில்லை. பார்ப்போம் என்று பெரிய ஜமீன்தார் மாதிரி சொல்லி அனுப்பினேன். அந்த ஒரு சொல்தான் நேற்றிலிருந்து ஊறலைவிட அதிகமாய்ப் பிடுங்குகிறது.

மகளே, மெஷின் உன் பேரில் இருக்கிறது, நீ எழுதினால்தான் செல்லும். தவறுதலாய் நடந்துவிட்டது என்று பூசி மெழுகாதே. பொன்னுராஜ் என்கிற புத்திசாலி துணியைச் சுற்றினான், மெக்கானிக் பேரில் ஒரு குற்றமும் இல்லை, அவர் வேலை சுத்தம் என்று என் பேரைப் போட்டே எழுது. அவனுக்கு நானே போன் போட்டு மன்னிப்புக் கேட்கப்போகிறேன், ஸ்பீக்கரிலேயே போடச் சொல்கிறேன், பஸ் ஸ்டாண்டு கேட்கட்டும். வெறுங்கையோடு கேட்க வாய் வரமாட்டேங்குது, உன் கடிதத்தை முதலில் அனுப்பு.

வேளாவேளைக்குச் சாப்பிடு, காதை மூடாமல் வெளியே போகாதே, மாப்பிள்ளையிடம் நான் விசாரித்ததாய்ச் சொல். ஆண்டவர் உங்கள் ரெண்டு பேரையும் கண்ணின் மணிபோலக் காப்பாராக. வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே. இதை எழுத உட்கார்ந்தபோதே ஏசியை நிறுத்திவிட்டேன், உன்னிடமிருந்து எழுதிவிட்டேன் சித்தப்பா என்று பதில் வந்த பிறகுதான் போடுவதாகச் சபதம். அங்கங்கே மை கலைந்திருப்பது வேர்வைதான், வேறொன்றும் நினைக்காதே. சீக்கிரம் எழுது தாயீ, வேகுது.

இப்படிக்கு,
கட்டுக்குள் கிடக்கும் உன் சித்தப்பா,
த. பொன்னுராஜ்