பெரம்பலூருக்கு ஒரு வாழ்த்து அட்டை

1983 டிசம்பர் 9, வெள்ளி

விடிந்ததிலிருந்து தூறல். விறகெல்லாம் ஈரம், ஊதி ஊதிக் கண் எரிச்சல். பூசைக்குப் போய் வந்தேன். சாமியாருக்குச் சளி. பிரசங்கம் சீக்கிரம் முடிந்தது, தோத்திரம்.

ரெஜினா இந்த வருஷம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை வீட்டிலேயே அச்சடிக்கப் போகிறாளாம். தம்பி மகள். தம்பியும் போய்விட்டான், அவன் பெண்டாட்டியும் போய்விட்டாள். இவளுக்கு நான், எனக்கு இவள். வெண்டைக்காயைக் குறுக்கே அறுத்து மசியில் தொட்டு வைத்தால் நட்சத்திரம் மாதிரியே விழுகிறது. மாட்டுக் கொட்டிலை மட்டும் ரப்பர் செருப்பில் பிளேடு வைத்து வெட்டியிருக்கிறாள்.

"பாலகர் பொறக்குற எடத்தைச் செருப்புலயா வெட்டுவ?"

"புதுச் செருப்பு அத்தை. காலே படல."

மாதாவே, மன்னியும். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஊரில் நாலு பேருக்குக் கொடுக்க என்கிறாள். எனக்குத் தெரியாதா. பெரம்பலூருக்கு ஒன்று, அதற்குத்தான் இத்தனையும். அவள் புருஷன் அமலதாஸ் அங்கே சைக்கிள் கடை வைத்திருக்கிறார். வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்று சம்பந்தியம்மா, "கொஞ்ச நாள் அத்தை வூட்ல இருந்துட்டு வா" என்று பஸ் ஏற்றிவிட்டு இரண்டு வருஷம். கூப்பிட யாரும் வரவில்லை. ஒரு வரி கடுதாசி இல்லை.

டிச. 11, ஞாயிறு

மழை விட்டுவிட்டு. முட்டிவலி.

நோட்டுத் தாளில் அடித்துப் பார்த்தோம். மசி ஊறிப் பின்பக்கம் வந்துவிட்டது. நட்சத்திரமெல்லாம் தேள் மாதிரி. சார்ட் பேப்பர், மடித்தால் நடுவில் வெடிக்கிறது. அப்புறம் வழவழக் காலண்டரின் பின்பக்கம், என் யோசனை. பார்க்க ஜோர். ஆனால் இந்த ஈரக் காற்றில் மசி காயவே இல்லை. என் முந்தானை பட்டு, கொட்டில் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டது. தாளும் போச்சு, புடவையும் போச்சு.

ரெஜினா புடவையை வாங்கி ஊறவைத்தாள். திட்டினாலாவது நிம்மதி.

பக்கத்து வீட்டு லூர்து எட்டிப் பார்த்தாள்.

"கடையில கலர் கலரா விக்கிதே அக்கா. எதுக்கு இந்தக் கூத்து?"

"அதுல இவ கைவேலை இருக்குமா?"

"கைவேலையைப் பாத்துட்டு மாப்ள ஓடியாந்துடப் போறாராக்கும்."

உள்ளே இவள் காதில் விழக்கூடாதென்று வாளியை டம்மென்று வைத்தேன். வேறென்ன செய்ய.

டிச. 13, செவ்வாய்

அந்தோணியார் கிழமை, ஒருவேளைச் சாப்பாடு. அரியலூர் போய் வந்தேன். போகும்போது பஸ்ஸில் நின்றபடியே. வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரி.

வாங்கியது: அட்டை, கோந்து, ஜிகினா. மறந்தது: முட்டிவலித் தைலம்.

அச்சாபீசில் தடித்த தாள் கேட்டேன். மீந்துபோன இரண்டு கட்டுத்தான் இருந்தது. ஒன்று கல்யாணப் பத்திரிகை அட்டை, மேலே பிள்ளையார் எழும்பி நிற்கிறார். நல்ல சாமிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கிறிஸ்துமஸுக்கு எப்படி? இன்னொன்று ஐவரி அட்டை. வெண்ணெய் நிறம். தடவிப் பார்த்தால் கீழே வைக்க மனசு வராது. ஆனால் சுற்றிலும் கருப்புக் கரை. கருமாதிப் பத்திரிகைக்கு உள்ளது.

"கரையை வெட்டிட்டா யாரும்மா கேக்கப் போறா?"

"சின்னதாப் போயிடுமேங்க."

"பெருசா வேணும்னா திருச்சிக்குத்தான் பஸ் ஏறணும்."

அருள் நிறை மந்திரம் சொல்லிக்கொண்டே வாங்கிவிட்டேன். மடியில் வைத்துக்கொள்ளப் பயம். பையைக் காலடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

டிச. 14, புதன்

வெயில். மசி அப்படியே பிடித்துக்கொள்கிறது. ஊதவும் வேண்டாம், விசிறவும் வேண்டாம். ரெஜினா பாட்டு முணுமுணுத்தாள். எத்தனை நாளாச்சு.

ஊர்க்காரர்களுக்குக் கரையை வெட்டிச் சின்ன அட்டை. பெரம்பலூர் அட்டையில் மட்டும் கொட்டில், நட்சத்திரம், ஆடு எல்லாம் வேண்டும். வெட்டினால் இடம் போதாது. கையில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தாள்.

"வெட்டாத. கரை மேல ஜிகினா ஒட்டிடு." சொன்னது நான்தான்.

"கருப்பாச்சே அத்தை."

"மூடிட்டா தெரியவா போவுது?"

வீணாய்ப்போன அட்டை ஒன்றில் முதலில் ஒட்டிப் பார்த்தோம். தங்கக் கரை போட்ட பட்டு மாதிரி மின்னியது. பிறகுதான் நல்லதில் ஒட்டினோம். உள்ளே அவள் எழுதியது: நலம். நலமறிய ஆவல். ரெஜினா. அவ்வளவுதான். இதற்கா அத்தனை பெரிய அட்டை?

விலாசம் நான் எழுதினேன். காசு குறைவென்று உறையை ஒட்டாமல் புக் போஸ்டில் சாயங்காலமே போட்டாயிற்று.

டிச. 17, சனி

விடாத மழை. குடில் ஜோடிக்க உட்கார்ந்தேன். ஒட்டிப் பார்த்த அட்டையைக் குடிலில் தொங்கவிடலாமென்று எடுத்தால், ஜிகினா பொலபொலவென்று மடியில் உதிர்கிறது. கரை கருகருவென்று நிற்கிறது.

முக்காட்டோடு போஸ்டாபீசுக்கு ஓடினேன்.

"அது என்னிக்கோ போயிடுச்சேம்மா. என்ன, அட்ரஸ் தப்பா?"

என்னவென்று சொல்வேன். தபால் மூட்டை, ஈரம், பஸ் கூரை. ரெஜினாவிடம் மூச்சுவிடவில்லை. ஜெபமாலை சொன்னேன். கோந்துக்காக மாதாவிடம் கேட்பது இதுதான் முதல் தடவை.

டிச. 20, செவ்வாய்

மழை விட்டிருந்தது.

மத்தியானம் வாசலில் மாப்பிள்ளை. சவரம் செய்யாத முகம். கையில் சம்பங்கி மாலை. காலெல்லாம் சேறு.

"கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ட்டுத்தான் வரேன் அத்தை. புது மண்ணையே காணோம். எங்க வச்சீங்க அவள? கேதம் சொல்ல ஓர் ஆள் விட்ருக்கலாமே."

சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்து அழுகிறார். சம்பந்தியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கருப்புக் கரையைப் பார்த்ததும் சாவுக் கடுதாசியென்று வாசலிலேயே கிழித்துப் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டாராம். இவர் கைக்குக் கிடைத்தது எங்கள் ஊர் முத்திரையும் என் கையெழுத்தும் உள்ள உறை மட்டும். நான் எழுதினால் போனது அவள்தானே என்று நினைத்துவிட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் ரெஜினா கொல்லையிலிருந்து வந்துவிட்டாள். விரலெல்லாம் சிவப்பு மசி. மாப்பிள்ளைக்கு அழுகை நின்றுபோனது. மாலையைப் பின்னால் மறைக்கப் பார்த்தார்.

"எனக்கா?"

மாலையையே பார்த்தபடி அவளே சொன்னாள்:

"ரெண்டு வருசமா பெரம்பலூர்லேர்ந்து ஒரு பஸ்ஸும் ஓடல. செத்துட்டேன்னதும் ஓடுது."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கொட்டிலும் நட்சத்திரமும் கோந்தும் எல்லாம் கதவோரம் நின்று சொன்னேன். தப்பு என்னுது கண்ணு என்றேன். கதவு திறக்கவில்லை. இவரிடம் வந்து, உள்ளே போய்க் கூப்பிடுங்களேன் என்றேன்.

"நாளன்னிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன் அத்தை."

"இன்னிக்கே கூட்டிட்டுப் போனா என்னங்க?"

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்ல."

காபி ஆறிப்போய் இரண்டு தடவை சுடவைத்தாயிற்று. மாலை முறத்தில் கிடக்கிறது. சாவுக்கு வாங்கினதை மாதாவுக்குப் போட முடியாது. குப்பையில் போடவும் கை வரவில்லை.

கடைசி பஸ் ஹாரன். மாப்பிள்ளை எழுந்தார். "போய்ட்டு வரேன்" என்று என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கதவைப் பார்த்துக் கொஞ்சம் உரக்கவே சொன்னார். உள்ளே தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. திறக்கிறாள் என்று எழுந்து ஓடினேன். மேல் தாழ்ப்பாளையும் போட்டிருக்கிறாள்.