எரியாத சானிட்டைசர்

சொரசொரப்புக் கைக்குச் சொந்தக்காரரான என் செல்ல நைனாவுக்கு,

உன் கைராசி எனக்கு வரவில்லை, கைவரிசைதான் வந்திருக்கிறது என்று நீயே சொல்வாய். பதினேழு வயதாகியும் அது போகவில்லை. போன வாரம்கூட எதிர்வீட்டுச் செல்வி அத்தை காயப்போட்ட நைட்டியின் கையை ஊசிநூலால் மூடிவிட்டேன். உள்ளே போய் மாட்டியவர் கை வெளியே வராமல் கத்தியது லைன் வீடுகள் முழுக்கக் கேட்டது. எனக்குப் பாதிச் சிரிப்புதான் வந்தது. நீ போனதிலிருந்து அப்படித்தான். ஏன் என்று இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

கொரோனா வந்த வருஷம் எனக்குப் பன்னிரண்டு வயது. நம் லைனில் எட்டு வீட்டுக்கும் ஒரே குழாய், அதிலும் காற்றுதான் வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் லாரித் தண்ணீர், வீட்டுக்கு இரண்டு டிரம். டிவியில் கை கழுவு, கை கழுவு என்று சொன்னார்கள். எந்தத் தண்ணீரில் என்று சொல்லவில்லை. நான் இரண்டாவது சொம்பு மொண்டால் அம்மா டிரம்மின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்வாள். கை கழுவுவதா, அரிசி களைவதா, நீயே சொல் என்பாள்.

அப்போதுதான் உன் கம்பெனியில் ஆளுக்கொரு பாட்டில் சானிட்டைசர் கொடுத்தார்கள். நீ அதைச் சீர்வரிசை மாதிரி ஏந்திக்கொண்டு வந்தாய். ஆனால் நாள் முழுக்க இரும்பில் பிசிர் தேய்க்கிற கை உன்னுடையது. கருப்புப் போக சோப்புத்தூளும் மணலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரலெல்லாம் வெடிப்பு. ஒரு சொட்டு பட்டதும் ஒற்றைக் காலில் குதித்தாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மறுநாளிலிருந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, போட்டாச்சு போட்டாச்சு என்று அம்மாவிடம் புளுகினாய். அவள் விடவில்லை. பிடித்துப் பூசினாள். உன் கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தபிறகு என்னால் சிரிக்க முடியவில்லை.

அதனால் அந்த வேலையைச் செய்தேன். பாதியைக் காலி டானிக் பாட்டிலில் ஊற்றி ஒளித்துவிட்டு, மீதியில் தண்ணீர் கலந்துவைத்தேன். குறும்பா, பாசமா? இன்றைக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் வந்து பூசிக்கொண்டாய். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"இன்னாடி இது, எரியவே இல்ல?"

"கம்பெனிக்காரன் மாத்திக் குடுத்துகிறான் போல நைனா."

செல்வி அத்தையைக் கூப்பிட்டு அவர் கையிலும் ஊற்றி, குழந்தைக்குக்கூடப் போடலாம் என்று பெருமையடித்தாய். நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் இருக்கும்போது உண்மையைப் போட்டு உடைக்கலாம் என்று வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமையே உனக்குக் காய்ச்சல். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து மெட்ராஸுக்கு. அதற்குப் பிறகு அந்தக் கையை நாங்கள் தொடவே இல்லை.

அடியில் தங்கிய மிச்சத்தோடு அந்த பாட்டிலை அம்மா உன் படத்துக்குப் பின்னால் வைத்தாள். யாரையும் தொடவிடமாட்டாள். உன் ஞாபகத்துக்கு வைத்திருக்கிறாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்தேன். சாமி கும்பிடும்போதெல்லாம் நான் உன் முகத்தைப் பார்ப்பதில்லை. பாட்டிலைத்தான் பார்ப்பேன்.

இந்த மாதம் லைனில் மறுபடி காய்ச்சல். நீ போகும்போது இடுப்பில் இருந்த தங்கச்சிப் பாப்பா இப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளியில் கை சுத்தம் பற்றிச் சொன்னார்களாம். நேற்று ஸ்டூல் போட்டு ஏறி அந்த பாட்டிலை எடுத்துப் பூசிக்கொண்டாள். அம்மா ஓடிவந்து பிடுங்கி முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அவள் பாப்பாவை அடித்து நான் பார்த்ததே இல்லை.

"அடிக்காதம்மா. அது வெறும் தண்ணி. நான்தான் ஊத்துனேன்."

அம்மா என்னையே பார்த்தாள். எப்போது என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், டானிக் பாட்டில் வரைக்கும். அடுத்த அடி எனக்குத்தான் என்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவள் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"நானும் ஊத்துனேன்டி. தீந்துடப் போவுதுன்னு."

ஷாம்பு பாட்டில் அடிமட்டம் போனால் தண்ணீர் விட்டுக் குலுக்கி இன்னும் ஒரு வாரம் ஓட்டுவாளே, அதே பழக்கம். கம்பெனியில் மறுபடி தரமாட்டார்கள் என்று கொஞ்சம் கொஞ்சமாக விட்டிருக்கிறாள். நான் கலந்தது அவளுக்குத் தெரியாது, அவள் கலந்தது எனக்குத் தெரியாது. ஒரே பாட்டிலை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம்.

"தூக்கிப் போட கை வரலடி" என்றாள்.

அதனால்தான் உனக்கு வந்ததா நைனா? ஷிப்ட் வண்டியில் இடித்துக்கொண்டு போனாயே, அதில் வந்திருக்கலாம். எட்டு வீடும் திறந்து மூடிய குழாயில் வந்திருக்கலாம். யாரைக் கேட்டால் தெரியும்?

ராத்திரிவரை வைக்க வேண்டாம், இப்போதே கொட்டு என்றாள் அம்மா. பின்பக்கம் போய்க் கொட்டினேன். ஒரு துளி வாசனை இல்லை. காலிப் பாட்டிலை மூக்கருகே வைத்து மறுபடி முகர்ந்தேன். பகலெல்லாம் பெயிண்ட் தின்னர் நெடியில் வேலை பார்த்தவன் நீ. மூடியைத் திறந்ததும் உனக்குத் தெரிந்திருக்காதா? டீயில் உப்பு போட்டுக் கொடுத்தால் முழுசாகக் குடித்துவிட்டு, நான் எட்டிப் பார்க்கும்போது மட்டும் முகத்தைச் சுளிப்பாய். என்னிடம் நீ நிஜமாக ஏமாந்ததே இல்லையே. எரியவே இல்லை என்று என்னைப் பார்த்துத்தானே சொன்னாய்? எனக்காக நடித்தாயா? இல்லை, எரியாமல் இருந்ததே போதும் என்று விட்டுவிட்டாயா?

பாப்பாவுக்கும் உன்னை மாதிரியே வெடிக்கிற தோல். இன்று காலையில் புது பாட்டில் வாங்கினேன். லாரி வருகிற நாளில் சோப்பு, வராத நாளில் இது. நானே பூசிவிடுவேன். எரிகிறதா என்று கேட்பேன். எரிந்தால் ஊதிவிடுவேன் நைனா. தண்ணீர் ஊற்ற மாட்டேன்.

இப்படிக்கு,
உன் வெடிப்புக் கையைப் பிடித்து நடந்த மூத்த வாலு