புது செட்டில் கேட்ட குரல்

ஞாயிற்றுக்கிழமை, 1984

எழுத்து கோணல்மாணலாகத்தான் வருகிறது. இந்த வயதில் எழுதப் படித்து ஒரு வருசம்கூட ஆகவில்லை, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பிரிஞ்சாங் டவுனில் புது செட்டு வாங்கினேன். பழையதில் கேசட்டு மட்டும்தான் பாடும். இதில் ரேடியோ உண்டு, நம் குரலையும் பிடிக்கும். எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளே திரண்டு வந்து பார்த்தன, எனக்குத் தலைகால் புரியவில்லை.

பக்கத்து வீட்டு முனியம்மா, சிங்கப்பூரில் இருக்கும் மகன் கடிதம் எழுதாமல் பேசியே அனுப்பிய கேசட்டைக் கொண்டுவந்தாள். பழைய செட்டில் பாடவைக்கிற பொத்தான் ஓரத்தில் இருக்கும்; அந்தப் பழக்கத்தில் ஓரப் பொத்தானை அமுக்கினேன். சத்தமே இல்லை. தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை காத்திருந்தோம். பின்னால் ஓட்டிப் போட்டேன். எங்கள் குரல் வந்தது.

“என்னண்ணே, பையன் பேசக் காணோமே?”

“இரு லா, புது செட்டு, மெதுவாத்தான் பேசும்.”

என் குரலை முதல்முறையாகக் கேட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு கேட்டாள், “என் மகன் எங்கண்ணே?”

புது செட்டில் ஓரப் பொத்தான் குரல் பிடிக்கிற பொத்தான். அவன் பேசியதை நான்தான் அழித்துவிட்டேன். ஆனால், “கேசட்டு பழசு, குளிர்ல கெட்டுப்போச்சு” என்றேன்.

“ஐயோ, உங்க புது செட்டுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று முந்தானையால் அதைத் துடைத்துவிட்டுப் போனாள்.

அவளிடம் உண்மையைச் சொல்லாமல் இந்த நோட்டைத் தொடமாட்டேன். அடுத்த வாரம் எழுதினால், சொல்லிவிட்டேன் என்று அர்த்தம்.